பன்னிரண்டாவது கை

தையல்காரி அந்த மையத்துக்குள் நுழைந்ததும் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன நோய் என்பதல்ல. எத்தனை பேர் என்பதுதான்.

“மூணு பேர்,” என்றாள். “நான், என் தம்பி, என் மகள்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆறு பேர் உட்காரும் மேசையில் ஒற்றை ஆளாய் வந்து உட்கார்ந்தால் ஹோட்டல்காரர் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு பொறுமையாக விளக்கினார். இது அரிய பரம்பரை நோய்களுக்கான ஆய்வு மற்றும் சமூக ஆதரவு மையம். ஒரு நோய் ஐந்நூறு பேருக்கு மேல் வந்தால் அது அரிய நோய் ஆகாது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு பேருக்குக் கீழே வந்தால் அது நோயே ஆகாது, தற்செயல். தற்செயலுக்கு இங்கே பிரிவு கிடையாது.

“எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு சார். அவங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. எல்லாமே தற்செயலா?”

“அவங்க ரெண்டு பேரும் இருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப மூணுதான்,” என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

அவளுடைய குடும்பத்தில் அந்த நோய்க்குப் பூட்டு என்று பெயர். கை எதையாவது இறுகப் பிடித்தால் அப்படியே பூட்டிக்கொள்ளும். மனசு விடச் சொல்லும், விரல் கேட்காது. சாதாரண நாளில் ஒரு நிமிஷம், குளிர் என்றால் கால் மணி நேரம். பிடுங்கி இழுத்தால் இன்னும் இறுகும். தையல்காரியின் அம்மா பஸ்ஸில் போனால், இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே கம்பியை விட ஆரம்பிப்பாள். சில நாள் அதுவும் போதாமல் பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். தம்பி வெல்டர். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியோடு கை குலுக்கினான். முதலாளி அவனைப் பட்டறை முழுக்க அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. எவ்வளவு அன்பான முதலாளி என்று மற்றவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

இப்படியே சமாளித்துக்கொண்டு போயிருக்கலாம். மகள் பல் மருத்துவம் படிக்கப் போனதில்தான் விஷயம் முற்றியது.

பல் பிடுங்குவதில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை. குறடால் ஒரு பல்லைப் பிடித்தால், வேறு வழியில்லை என்று பல்லுக்கே தெரிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பல் வந்த பிறகும் அவளுடைய இடது கை அந்த ஆளின் தாடையை விடாது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேராசிரியர் ஒருநாள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான்கு நிமிஷம். நான்கு மாதத்தில் இறுதிச் செய்முறைத் தேர்வு வருகிறது, அன்றைக்கும் இப்படி என்றால் தன்னால் தேர்ச்சி போட முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் மருந்து இருந்தது. புதுமையான மருந்தொன்றும் இல்லை, இதயத் துடிப்புக்கு அந்தக் காலத்திலிருந்தே கொடுத்துவரும் மாத்திரைதான். ஒரு வாரத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். அம்மாவும் மகளும் சாப்பிடாமல் அந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தொடர்ந்து எழுதிக் கொடுக்க டாக்டரால் முடியாதாம். இதயத்துக்கான மாத்திரையைக் கைக்குக் கொடுக்க, கையின் நோய்க்கு ஓர் எண் வேண்டும். எண் கொடுப்பது அந்த மையம்.

அந்த எண்ணுக்காகத்தான் தையல்காரி இப்போது எழுத்தர் முன் நிற்கிறாள்.

எழுத்தர் கெட்டவர் இல்லை. கோப்பை இப்போதே தாமே திறந்து வைப்பதாகவும், பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தால் எண் கிடைக்கும் என்றும் சொன்னார். தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள் என்றும் விசாரித்தார். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றதும், பரம்பரை நோய் என்றால் குடும்பம்தான் கொஞ்சம் முயற்சி எடுக்க வேண்டும், மையம் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்றார்.

பிறகு ஒரு பெரிய தாளைக் கொடுத்தார். வம்ச வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களை உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. தையல்காரிக்கு அளவெடுத்துத் தாளில் வரைவது கைவந்த வேலை. மறுநாளே அம்மா, தாத்தா, தாத்தாவின் அம்மா வரை அழகாக வரைந்து கொண்டுவந்தாள். எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாத்தாவின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டார்.

“தாத்தா மேலதான் கோடு போட்டிருக்கே சார்.”

“போட்டிருக்கீங்க. ஆனா அவருக்கு நோய் இருந்ததுன்னு அவர் சம்மதம் இல்லாம நீங்க எப்படி வெளியே சொல்லலாம்? இறந்தவங்களுக்கும் அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கும்மா.”

“அப்ப யாரு கையெழுத்துப் போடணும்?”

“வாரிசு.”

“வாரிசு நான்தான்.”

“உங்க கையெழுத்து உங்களுக்காக ஏற்கெனவே இருக்கு. ஒரே கையெழுத்து ரெண்டு இடத்துல வந்தா மோசடி.”

கடைசியில் தாத்தாவை வெள்ளையாக விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. தாத்தாவின் அம்மாவையும் அம்மாவையும்கூட வெள்ளையாக்கினார்கள். வரைபடத்தின்படி, யாருக்குமே நோய் இல்லாத ஒரு வம்சத்தில் மூன்று பேருக்கு மட்டும் பரம்பரை நோய் வந்திருந்தது. மிகவும் சுவாரசியமான வரைபடம் என்று எழுத்தர் பாராட்டினார்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. பரிசோதனைக்கூடத்துக்காரர் மெதுவாக, வலிக்காமல் ரத்தம் எடுத்தார். குழாயில் ஊற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி, குளிர்பெட்டிக்குள் வைத்தார். முடிவு எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, அறையின் நடுவில் பிளாஸ்டிக் உறை மூடி நின்ற ஒரு பெரிய இயந்திரத்தைக் காட்டினார். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வெயில் பட்டுப் பட்டு ரிப்பன் இளஞ்சிவப்பாகியிருந்தது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு எட்டு வருஷமாக நேரம் கிடைக்கவில்லையாம். ரிப்பனை வெட்டாமல் உறையைப் பிரிக்கக் கூடாது.

“அதுவரைக்கும் எடுத்த ரத்தம்?”

“ரத்தம் எடுக்கறது என் வேலைம்மா. பார்க்கறது மெஷினோட வேலை. மெஷின் இன்னும் வேலையில சேரல.” சொல்லிக்கொண்டே ஒரு துணியால் உறை மேலிருந்த தூசியைத் துடைத்தார். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் துடைக்கத் தவறியதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது.

மூன்றாவது அறையில் ஆதரவு அலுவலர் இருந்தார். இளம் வயது, மென்மையான குரல், மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. தையல்காரி அழுவாள் என்று எதிர்பார்த்துப் பெட்டியை இரண்டு முறை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அழவில்லை என்றதும் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. நோயாளிகளின் முதல் கடமை தங்கள் நோயை ஏற்றுக்கொள்வது என்று எடுத்துச் சொன்னார். பலர் அதற்கே பல வருஷம் எடுத்துக்கொள்கிறார்களாம்.

“நான் ஏத்துக்கிட்டு நாப்பது வருஷம் ஆச்சும்மா,” என்றாள் தையல்காரி. “நீங்கதான் இன்னும் ஏத்துக்கல.”

ஆதரவு அலுவலர் அதைக் குறிப்பேட்டில் ‘கோபம், இரண்டாம் நிலை’ என்று எழுதிக்கொண்டார்.

ஆக, பன்னிரண்டு பேர். மூன்று போக ஒன்பது. தையல்காரி தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுச் சொந்தக்காரர்களைத் தேடிக் கிளம்பினாள்.

முதலில் மாமா வீடு. அம்மாவின் தம்பி. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ ஒரு சின்னத் தகராறில் மாமா அவள் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தார். பெரியவர்கள் வந்து பேசி, தம்பி மன்னிப்புக் கேட்டு, எல்லாம் சமாதானமாகி, மாமா காலரை மட்டும் விடவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று தம்பியும் பதிலுக்கு அவருடைய காலரைப் பிடித்தான். அவனும் விடவில்லை. பார்த்தவர்கள், இப்படி ஒரு பகையை நாங்கள் கண்டதே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னார்கள்.

“மாமா, அன்னிக்கு நீங்க விடாதது கோபத்துல இல்ல. பூட்டுனால,” என்றாள் தையல்காரி.

மாமா தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அதைத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன். ஒருத்தன் காலரைப் பிடிச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?”

மாமாவும் அவருடைய இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு. சித்தியும் இரண்டு மகள்களும் சேர்ந்தார்கள், ஒன்பது. தூரத்தில் லாரி ஓட்டும் ஒரு ஒன்றுவிட்ட அண்ணனையும் அவருடைய அம்மாவையும் கண்டுபிடித்ததில் பதினொன்று.

மிச்சம் பெரியம்மா. அம்மாவின் அக்கா.

பெரியம்மா கதவைத் திறந்தாள். திறந்தவள் கைப்பிடியை விடவில்லை. கதவு இப்படியும் அப்படியும் ஆட, பெரியம்மாவும் கூடவே ஆடிக்கொண்டு பேசினாள்.

“எங்க பக்கம் யாருக்கும் ஒண்ணும் கிடையாது. எல்லாம் உங்க அப்பா வழியில வந்தது.”

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே பெரியம்மா.”

“அவர் வெளியே சொல்லியிருக்க மாட்டார். அழுத்தக்கார மனுஷன்.”

“சரி, உள்ள போய்ப் பேசலாமா?”

“நீ போய் உட்காரு. நான் கதவைப் பார்த்துட்டு வர்றேன்.”

தையல்காரி உள்ளே போய் உட்கார்ந்தாள். மூன்று நிமிஷம் கழித்துப் பெரியம்மா வந்து எதிரில் உட்கார்ந்து, கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். பேத்திக்கு வரன் அமைந்திருக்கிறது, நல்ல இடம், பையன் நில அளவைத் துறையில் இருக்கிறான். இந்த நேரத்தில் ஏதோ அலுவலகத்தில் போய் எனக்கு நோய் இருக்கிறது, என் வம்சத்துக்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் யார் பெண் எடுப்பார்கள்? நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தானே என்று கேட்டாள். தையல்காரி தன் மகளுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேர்வு என்பதை மட்டும் சொன்னாள். பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள், கதவைத் தொடாமல்.

மையத்தின் ஒற்றுமை நாள் அதற்கு மறுவாரம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அன்றுதான் புதிய நோய்களுக்கு எண் வழங்குவார்கள். பதினொரு பேரும் போனார்கள். பதினொன்றை வைத்துக்கொண்டு ஏதாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று தையல்காரிக்கு ஒரு நினைப்பு. மாமா காரை எடுத்துக்கொண்டு வந்தபோது பின் இருக்கையில் பெரியம்மாவும் இருந்தாள். சும்மா பார்க்கத்தான் வருகிறேன், வீட்டில் தனியாக என்ன செய்வது என்றாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. மண்டப வாசலில் பதினொரு பேருக்கும் ‘பயனாளி’ என்று அட்டை குத்தினார்கள். பெரியம்மாவுக்கு ‘உடன் வந்தவர்’.

மண்டபத்தில் ஏசி எலும்பைத் துளைத்தது. இயக்குநர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுபவர். அவருக்கு வியர்க்கக் கூடாது. அவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“இந்த மையம் பதினான்கு ஆண்டுகளில் நூற்று முப்பது கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறது. எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். மருந்து கொடுப்பது மருந்துக்கடைக்காரர் வேலை. நாங்கள் அதைவிட உயர்ந்த ஒன்றைக் கொடுக்கிறோம்: கவனம். ஆய்வு என்பது அவசரப்படாத வேலை. நோயாளிகள் அவசரப்படுகிறார்கள். அதுவும் அவர்களுடைய நோயின் ஓர் அறிகுறி என்றே நாங்கள் கருதுகிறோம். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். மையம் நிற்கும்.”

ஊழியர்கள் கைதட்டினார்கள். அடுத்து ஆதரவு அலுவலர் ஒலிபெருக்கியை வாங்கினார். இது ஒற்றுமை நாள் அல்லவா, அதனால் எல்லாரும் வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். மேலே இருப்பவர் கீழே இருப்பவர் என்ற பேதம் இல்லாமல், அலுவலர்களும் பயனாளிகளும் மாறி மாறி நின்றால் போட்டோவுக்கும் நன்றாக இருக்கும்.

“வேண்டாம்மா,” என்றாள் தையல்காரி.

“தயக்கம் இயல்பானதுதான்,” என்றார் ஆதரவு அலுவலர். “நல்லா இறுக்கிப் பிடிங்க. ஒருத்தரோட அன்பு இன்னொருத்தருக்குப் போகணும்.”

போட்டோக்காரர் ஆள் மாற்றி ஆள் நிறுத்தினார். வயதான முகம் ஒன்று நடுவில் வேண்டும் என்று பெரியம்மாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் இயக்குநரின் வலது பக்கம் நிறுத்தினார். இயக்குநரின் இடது பக்கம் மகள். எழுத்தர் மாமாவுக்கும் லாரிக்கார அண்ணனுக்கும் நடுவில். பரிசோதனைக்கூடத்துக்காரர் சித்திக்கும் வெல்டருக்கும் நடுவில். எல்லாரும் இறுக்கிப் பிடித்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று. அந்த நிலையிலேயே இயக்குநர் அறிவிப்பையும் சொல்லிவிட நினைத்தார்.

“கோப்பு எண் ஏழு பார் ஆ. பதினொரு பேர். ஒன்று குறைகிறது. தனிப்பட்ட முறையில் எனக்கு மிகுந்த வருத்தம். ஆனால் விதி இருக்கிறது. கோப்பு இன்று மாலையோடு மூடப்படும். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.”

ஒருவரும் கைதட்டவில்லை. துக்கத்தால்தான் என்று இயக்குநர் எடுத்துக்கொண்டார்.

“கையை விடலாம்,” என்றார் ஆதரவு அலுவலர்.

ஒருவரும் விடவில்லை. ஒற்றுமை எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது என்று அவர் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். பிறகு தன் கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. எழுத்தரும் இழுத்துப் பார்த்தார். இழுக்காதீங்க சார், இறுகும் என்று மாமா தன்மையாகச் சொன்னார். ஏசியை நிறுத்தினால் சீக்கிரம் விடும் என்று தையல்காரி சொன்னாள். ரிமோட் எழுத்தரின் சட்டைப்பையில் இருந்தது. எழுத்தரின் கைகள் இரண்டும் அடுத்தவர்களிடம் இருந்தன. போட்டோக்காரரை எடுக்கச் சொன்னால், அலுவலகச் சொத்தை வெளியாள் தொடக் கூடாது என்று எழுத்தரே மறுத்துவிட்டார்.

வட்டம் அப்படியே நின்றது. தேநீர் வந்து ஆறியது. இயக்குநரின் கோட்டுக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது; அடுத்த கருத்தரங்கு அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்:

“இதுதானா அது?”

“ஆமா சார்.”

“பதினாலு வருஷமா இங்க இருக்கேன். ஒரு நோயை இவ்வளவு பக்கத்துல பார்த்ததில்ல.”

வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்காது என்றாள். பல் பிடுங்கும் கதையையும் சொன்னாள். அவர் தன்னையறியாமல் தாடையை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

பதினைந்து நிமிஷத்தில் கைகள் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தன. மாமா, வெல்டர், சித்தி. மகளின் கையும் விட்டது. எல்லாரும் விரல்களை உதறிக்கொண்டு தேநீரைப் பார்த்தார்கள். இயக்குநரின் வலது கை மட்டும் பெரியம்மாவின் இடது கைக்குள் இருந்தது.

எழுத்தர் அவளுடைய அட்டையைக் குனிந்து படித்தார். ‘உடன் வந்தவர்’.

“அம்மா, உங்களுக்கு நோய் இல்லைன்னு பதிவாகியிருக்கே?”

“இல்லைன்னு சொன்னவ நான்தான்,” என்றாள் பெரியம்மா. “இப்ப இருக்குன்னு சொல்றேன். எழுதிக்குங்க.”

தையல்காரி பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா இவள் பக்கம் திரும்பவில்லை.

எழுதிக்கொள்ள ஒரு சான்று வேண்டுமே என்றார் எழுத்தர். பரிசோதனைக்கூடத்துக்காரர் முதல்முறையாக ஒரு முடிவைச் சொன்னார்: “சான்று சாரோட கையில இருக்கு சார்.”

படிவம் வந்தது. பெரியம்மா தன் வலது கையால் நிதானமாக, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்து இயக்குநர் போட வேண்டும். இடது கையால் போட்டால் செல்லாது, பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துவராது என்றார் எழுத்தர். வலது கை வரும்வரை காத்திருக்கலாம் என்றார் இயக்குநர். அதைச் சொல்லும்போதே போன் மறுபடி அடித்தது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, வயசாயிடுச்சு, எங்க பக்கத்துல வயசானவங்களுக்கு ராத்திரி வரைக்கும்கூட இருக்கும் என்றாள் பெரியம்மா.

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கையெழுத்துக்குப் பதில் முத்திரை போதும் என்று ஓர் இடத்தில் இருந்தது. முத்திரையை இயக்குநர் தம் கையால் இட வேண்டும் என்றுதான் இருந்ததே தவிர, எந்தக் கை என்று இல்லை.

அப்போதுதான் தையல்காரி அதைக் கவனித்தாள். இயக்குநரின் புறங்கை மேல் பெரியம்மாவின் கட்டைவிரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, பொழுது போகாதவர்கள் மேசையில் தட்டுவதுபோல. பூட்டிய கையில் கட்டைவிரல் ஆடாது. தையல்காரி சட்டென்று அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு தேநீரை எடுத்துக் குடித்தாள். ஜில்லென்று இருந்தது.

இயக்குநர் இடது கையால் முத்திரையைக் குத்தினார். தலைகீழாக விழுந்தது. செல்லும் என்றார் எழுத்தர்.

“அட, விட்டுடுச்சு,” என்றாள் பெரியம்மா.

படியிறங்கும்போது தையல்காரி அவள் பக்கத்தில் நடந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன செய்வது பெரியம்மா என்று கேட்டாள்.

“தெரியட்டும். அவங்க வீட்டுல மூணு பேருக்குச் சர்க்கரை. நாம ஏதாவது கேட்டோமா?” கொஞ்ச தூரம் போய், “பேத்திகிட்டயும் இன்னிக்கே சொல்லிடறேன். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கற வயசு இல்ல எனக்கு இனிமே,” என்றாள்.

மகள் மையம் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தாள். எண் இருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆண்டுதோறும் மறு ஆய்வு நடைபெறும். சிகிச்சையால் அறிகுறி நீங்கியவர்கள் நோயாளர் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் குறைந்தால் எண் ரத்தாகும்; எண் ரத்தானால் மருந்து நிறுத்தப்படும். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“அதாவது,” என்றான் வெல்டர், “மருந்து வேலை செஞ்சுதுன்னா மருந்து கிடையாது.”

மாமா திரும்பி மேலே போய்ச் சண்டை போடலாமா என்று யோசித்தார். தன் கையைப் பார்த்துவிட்டு யோசனையைக் கைவிட்டார். பெரியம்மாதான் கேட்டாள், மறு ஆய்வுக்கு நேரில் வரச் சொல்வார்களா என்று. மகள் கடைசி வரியைப் படித்தாள். இந்தக் கோப்பைச் சேர்ந்தவர்களுடன் நேரடிச் சந்திப்பு தவிர்க்கப்படும், போனில் விசாரித்தால் போதும் என்று இயக்குநரின் உத்தரவு. மை இன்னும் காயவில்லை.

மாத்திரை வந்தது. தேர்வும் வந்தது. அன்று காலையில் மகள் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, குறடைத் தட்டில் வைத்து, தாடையிலிருந்து கையை எடுத்தாள். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். முள் நகர்ந்ததாகத் தெரியவில்லை. காதில் வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார். ஓடியது. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து ஒரு முற்பகலில் தையல்காரி கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மையத்திலிருந்து எழுத்தர் கூப்பிட்டார். மறு ஆய்வு. பெரியம்மா பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள், நில அளவைக்காரர் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று அவள் சொன்னதை எழுத்தர் குறித்துக்கொள்ளவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் கை இன்னும் பூட்டுகிறதா என்று கேட்டார். தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வைத்த நொடியில் விரல்கள் விரிந்தன.

“பூட்டுது சார். கடவுள் புண்ணியத்துல ஒருத்தருக்குக்கூடக் குறையல.”

“மாத்திரை எடுத்துக்கறீங்கதானே?”

“ஒருவேளைகூட விடறதில்ல சார்.”

“பலன் ஏதாவது?”

“ஒரு பலனும் இல்ல சார்.”

எழுத்தர் எழுதி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“ரொம்ப நல்லதும்மா,” என்றார் எழுத்தர். “அப்ப அதையே தொடர்ந்து கொடுக்கச் சொல்றேன்.”